கரணமும் உடனுறைவும்

மக்கட் கூட்டத்திற்கு இல்லறம் வேர் போன்றது. அவ்வேர் எதனால் ஊன்றப்படுகின்றது எனின், திருமணத்தால் என எவரும் விடை பகர்வர். ஆயின் திருமணம் என்பது யாது? பந்தரின்கீழ் ஒரு நாழிகை நிகழும் வினையா? இருவர் நெஞ்சம் ஒன்றிய நிலையா? ஊரார் அறிய ஆண்டுக்கணக்கில் ஓரில்லத்தில் வாழும் வாழ்க்கையா? இம்மூன்றனுள் எதனை நம் முன்னோர் மணமெனக் கொண்டனர், எதனைப் பிற்கால நீதிமன்றங்கள் கொண்டன என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமணம் செய்துகொள்ளாமலே ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் வழக்கம் இந்நாளில் பெருநகரங்களில் காணப்படுகின்றது. வேலையின் பொருட்டு அந்நகரங்களிற் குடியேறிய நம் குலத்து இளைஞர் சிலரிடத்தும் இது புகுந்துளது. இதனை மேனாட்டிலிருந்து வந்த நோய் என்பார் ஒருசாரார். நம் பண்டைக் களவொழுக்கமே மீண்டு வந்ததென்பார் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் வரலாற்றொடு பொருந்தாமையைப் பின்னர்க் காண்போம். இத்தகையார்க்குப் பிறந்த மக்களின் பெயரை நம் சங்கத்துக் குடும்பப் பதிவேட்டில் சேர்க்கலாமா, அவர்க்குக் கல்வி நிதியினின்று உதவலாமா என்னும் வினா உறுப்பினரிடையே எழுந்துள்ளமையின், இப்பொருளை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் நமக்கு இன்றியமையாததாயிற்று.

களவும் கரணமும்

தமிழர் அகவாழ்வைக் களவு, கற்பு என இரண்டாக வகுத்தவர் தொல்காப்பியனார். தலைவனும் தலைவியும் பிறர் அறியாது கூடி ஒழுகுதல் களவு. கரணத்தொடு, அஃதாவது மணவினையொடு, கொள்ளுதற்குரிய மரபினன் கொடுத்தற்குரிய மரபினோர் கொடுப்பக் கொள்வது கற்பு. வடநூலார் கூறும் எண்வகை மணங்களுள் கந்தருவத்தோடு களவினை ஒப்பிட்டுக் கூறியவரும் அவரே.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. களவு தனித்து நிற்கும் வாழ்க்கையன்று. கற்பினை நோக்கிச் செல்லும் வழியே அது. அலர் எழுதலும், தோழி வரைவு கடாவுதலும், செவிலி அறத்தொடு நிற்றலும் ஆகிய துறைகள் எல்லாம் அவ்வொழுக்கம் வரைவில் முடிதல் வேண்டும் என்னும் வேட்கையையே காட்டுகின்றன. ஆகலின், வரைவை வேண்டாது சேர்ந்து வாழும் இக்கால வழக்கத்திற்குக் களவினைச் சான்றாகக் காட்டல் பொருந்தாது.

அஃதேல் நம் முன்னோர் சடங்கையே உயிராகக் கருதினரோ எனின், அதுவும் அன்று. பெற்றோர் கொடாதவழியும், இருவரும் உடன்போக்கிற் சென்றவிடத்துக் கரணம் நிகழ்தல் உண்டு எனத் தொல்காப்பியம் இடந்தருகின்றது. அன்றியும், கரணம் என்பது தொடக்கம் முதலே இருந்ததெனவும் அந்நூல் கூறிற்றில்லை. கூடிய பின்னர் மறுத்துப் பொய் கூறுவாரும், கொண்ட ஒழுக்கத்தினின்று தவறுவாரும் தோன்றிய பின்னரே சான்றோர் கரணத்தை வகுத்தனர் என்பது அதன் கருத்து. இஃது எத்துணை நுட்பமான வரலாற்றுச் செய்தி! கரணம் வகுத்தது வானோர் ஆணையால் அன்று. ஏமாற்றப்பட்டோரைக் காத்தற்பொருட்டு மக்களே அதனைக் கண்டனர்.

அப்பொய்க்கு ஒரு சான்று அகநானூற்று 256-ஆம் பாட்டில் உள்ளது. கள்ளூர் என்னும் ஊரில் இளம்பெண் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்த ஒருவன், பின்னர் அவளை அறியேன் எனச் சூளுரைத்தான். அவையத்தார் சான்று கூறுவாரை வினவி உண்மை தெளிந்தனர். அவனை மரக்கிளையிற் பிணித்து, அவன் தலையில் நீற்றைப் பெய்தனர். அவையத்தின் ஒறுப்பு பொய்த்தவன்மேற் சென்றதன்றி, அப்பெண்ணின்மேற் சென்றதாக அப்பாட்டிற் குறிப்பில்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் நம் நாட்டு ஊரவை கண்ட நீதி இது.

கரணத்தின் வடிவம் காலந்தோறும் மாறியே வந்தது. அகநானூற்றின் 86, 136-ஆம் பாட்டுக்கள் பண்டைத் தமிழர் மணத்தை விரித்துரைக்கின்றன. பந்தரிட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உற்றாரை உண்பித்து, புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துதல் முற்பாட்டிற் கூறப்பட்ட வினை. இவ்விரண்டு பாட்டினும் எரிவலம் வருதல் இல்லை. சிலப்பதிகாரத்திலோ, முதுபார்ப்பான் வழிகாட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். எனவே இன்ன சடங்கே திருமணம், பிற அல்ல என்பார்க்குத் தமிழ் வரலாறு துணை நில்லாது. எல்லா வடிவினும் மாறாது நின்றது ஒன்றே: ஊரும் உறவும் சான்றாக அமைதல்.

மாதவியும் மணிமேகலையும்

கரணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தார்க்குப் பண்டைச் சமுதாயம் அளித்த நிலை யாது என்பதற்கு மாதவியின் வரலாறு தக்க சான்றாகும். கணிகையர் குலத்திற் பிறந்த அவள், கோவலன் ஒருவனையே தன் கொழுநனாகக் கொண்டு வாழ்ந்தாள். அவர்க்குப் பிறந்த மகளுக்குத் தன் முன்னோனைக் கடலிற் காத்த தெய்வத்தின் பெயரைச் சூட்டியவன் கோவலனே. மகளைத் தன் மகள் என அவன் மறைத்தானில்லை. ஆயினும் ஊர் மாதவியை மனையறத்தாளாக ஏற்றதில்லை. கோவலன் இறந்த பின்னர் அவள் துறவு பூண்டபோது, அவள் தாயே அதனைக் குலத்திற்கு அடாத செயல் எனக் கருதி, மீண்டும் அரங்கேற அழைத்தாள்.

அப்பொழுது மாதவி கூறிய விடை நம் இலக்கியத்தில் ஒப்பற்றது. மணிமேகலை தன் மகளல்லள், மதுரையை எரியூட்டிய பெரும் பத்தினியின் மகள் என்றாள். மணிமேகலையும் கண்ணகியைத் தாயாகவே போற்றி, வஞ்சியில் அவள் படிமத்தைத் தொழுதாள். மணவாத தாய்க்குப் பிறந்த மகளை மணந்த மனைவியின் மகளாகவே கொண்டு காப்பியம் ஒன்றின் தலைவியாக்கினார் சாத்தனார். குழவிக்குப் பழியில்லை என்பதனை இதனினும் தெளிவாக உரைத்தார் யாவர்?

சாத்திரமும் நீதிமன்றமும்

இலக்கியத்தினின்று சட்டத்திற்கு வருவோம். கி. பி. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், விஞ்ஞானேசுவரர் என்பார் யாஞ்ஞவல்கிய மிருதிக்கு மிதாட்சரம் என்னும் உரையை இயற்றினார். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்து இந்துக்களின் சொத்துரிமை வழக்குகட்கு இந்நூலே பேராதாரமாயிற்று.

மிதாட்சர மரபில், ஒருவனுக்கே உரியளாய் அவனோடு வாழ்ந்த மணவாத பெண், அவருத்த ஸ்திரீ எனப்பட்டாள். அவன் இறந்த பின்னர் அவன் சொத்தினின்று ஜீவனாம்சம் பெற அவளுக்கு உரிமை உண்டு. அவள் அவன் குடும்ப வீட்டிலேயே குடியிருந்திருத்தல் வேண்டுமென்பதில்லை என 1926-இல் பிரிவி கவுன்சில் முடிவுரைத்தது. இலண்டனிலிருந்த இக்கவுன்சிலே அக்காலத்து இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாகும்.

இத்தகையாட்குப் பிறந்த மகனுக்கும் அம்மரபு இடமளித்தது. நால்வகைப் பகுப்பிற் சூத்திரர் எனக் குறிக்கப்பட்ட குலத்தாரிடையே, அவன் தந்தையின் சொத்திற் பங்கு பெறுதற்குரியன். அம்மகன் மகன் என்னும் நிலை உடையன், குடும்பத்துள் ஒருவன் என 1931-இல், சென்னை மாகாணத்து வழக்கொன்றில் அக்கவுன்சில் உறுதிசெய்தது. அப்பகுப்பின் இழிவை நாம் ஏலோம். மேல் மூவர்க்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு நீதியும் வகுத்த அதன் ஓரவஞ்சனையையும் ஏலோம். எனினும், மணவாத பெற்றோரின் மகனை வெறுங்கையனாக்கி விடலாகாது என்னும் எண்ணம் அப்பழஞ்சட்டத்தில் இருந்தமை மறுக்கற்பாலதன்று.

இனி, உடனுறைவு பற்றிய சட்டக்கொள்கைகளுள் தலையாயதொன்று தமிழர் வழக்கொன்றில் வலியுறுத்தப்பட்டமையை நம்மவருட் பலர் அறியார். இலங்கைத் தமிழர் குடும்பம் ஒன்றைப் பற்றிய வழக்கு 1881-இல் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. ஆணும் பெண்ணும் கணவனும் மனைவியுமாக வாழ்ந்தமை மெய்ப்பிக்கப்படின், மாறான சான்று தெளிவாக இல்லாதவரை, அவர் முறைப்படி மணந்தே வாழ்ந்தனர் எனச் சட்டம் ஊகித்துக்கொள்ளும் என அம்மன்றம் தீர்ப்பளித்தது. 1927-இல் இலங்கையினின்று சென்ற மற்றொரு வழக்கினும் இக்கொள்கை வலியுறுத்தப்பட்டது. இந்திய நீதிமன்றங்கள் இத்தீர்ப்புக்களை இன்றுகாறும் எடுத்தாள்கின்றன.

இவ்வூகம் எதற்கு? எழுத்துப் பதிவில்லாத காலத்தில், புரோகிதரும் சான்றாளரும் இறந்தொழிந்த பின்னர், சொத்தின்மேல் அவாக் கொண்ட பங்காளிகள் முதிய கைம்பெண்ணை நோக்கி, உன் மணத்திற்குச் சான்று யாது என வினவுவர். அவள் என் செய்வாள்? 1978-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில் அவ்விருவர் சேர்ந்து வாழ்ந்த காலம் ஏறத்தாழ 50 ஆண்டுகள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னர்க் கண்ணாற் கண்ட சான்று கொணர்க என்றால், அதில் வெற்றி பெறுவார் மிகச் சிலரே என நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எடுத்துரைத்தார். ஊரார் மதித்த வாழ்க்கையையே சட்டமும் மதித்தது. ஆயினும் இஃது ஊகமேயன்றி முடிபன்று. தக்க சான்று கொண்டு எதிர்ப்பக்கத்தார் இதனை உடைத்தலும் கூடும்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று

இவ்வூகம் பயன்படாத இடமும் ஒன்றுண்டு. மணவினை இன்னவாறு நிகழ்ந்ததென்பது தெளிவாகத் தெரிந்து, அவ்வினை சட்டத்திற்குப் போதாது என நீதிமன்றம் கருதின், ஊகித்தற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் எண்ணிறந்த குடும்பங்கள் இந்நிலைக்கு ஆளாயின.

1920-களின் இறுதியில் ஈ. வெ. இராமசாமிப் பெரியார் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள், புரோகிதரும் தீவலமும் இன்றி, பெரியோர் ஒருவர் தலைமையில், மாலை மாற்றி உறுதிமொழி கூறி நிகழ்ந்தன. அம்மணமக்களும் உற்றாரும் அதனைத் திருமணம் என்றே நம்பினர். மக்களைப் பெற்று வளர்த்தனர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், இத்தகைய மணம் ஒன்றில் சாத்திரச் சடங்கும் இல்லை, தொன்றுதொட்டு வந்த குலவழக்கும் இல்லை, ஆகலின் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி நோக்கின், ஆயிரம் பேர் கூடி வாழ்த்த மணந்தோரும் சட்டத்தின் கண்ணுக்கு மணமின்றிச் சேர்ந்து வாழ்வோரே ஆயினர். இரவோடிரவாக அவர் ஒழுக்கத்தில் என்ன குறை நேர்ந்தது? ஒன்றுமில்லை. அவர் வாழ்வு மாறவில்லை. அவ்வாழ்விற்குச் சட்டம் இட்ட பெயரே மாறிற்று.

இக்குறை நீங்க 14 ஆண்டுகள் சென்றன. அறிஞர் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது, 1967-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியிற் கூறுதல், மாலை அல்லது மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகிய இவற்றுள் ஒன்றே போதுமென அது விதித்தது. முன்னர் அவ்வாறு நிகழ்ந்த மணங்களும், சில விலக்குகளொடு, தொடக்கமுதற்கொண்டே செல்லும் எனவும் கூறிற்று. 2023-இல் உச்சநீதிமன்றம் இப்பிரிவை ஆராய்ந்து, இம்மணத்திற்குப் பலர் அறியும் விழா வேண்டுவதில்லை எனத் தெளிவுறுத்தியது. ஒரு நாட்டின் சட்டமன்றம் தன் மக்களின் கடந்த கால வாழ்க்கையைத் திரும்பி நோக்கி, நீவிர் மணந்தோரே என மொழிந்த நிகழ்ச்சி, வரலாற்றில் நினைக்கற்பாலது.

இந்நாட் சட்டத்தின் நிலை

இற்றை நிலையைச் சுருங்கக் கூறுவோம். முதிர்ந்த வயதினரான ஆணும் பெண்ணும் மணமின்றிச் சேர்ந்து வாழ்தல் நம் நாட்டிற் குற்றமன்று. நடிகை குஷ்பு 2005-இல் கூறிய கருத்தொன்றின்மேல் தமிழ்நாட்டிற் பல இடங்களிற் குற்ற வழக்குகள் தொடரப்பட்டன. 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவற்றை நீக்கியபோது, இத்தகைய வாழ்வு பலர்க்கு ஒழுக்கக்கேடாகத் தோன்றினும் சட்டத்திற் குற்றமாகாது என எடுத்துரைத்தது.

குற்றமன்று என்பதும் காப்புண்டு என்பதும் ஒன்றல்ல. இதனை இளைஞர் மனத்திற் கொள்க. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணத்தின் தன்மையுடைய உறவில் வாழும் பெண்ணுக்கும் குடியிருப்பு, பொருளுதவி, பாதுகாப்பு ஆகியவற்றை அளிக்கின்றது. ஆயின் எவ்வுறவு மணத்தின் தன்மையுடையது? கோயமுத்தூர்க் குடும்பநல நீதிமன்றத்திற் பிறந்த வழக்கொன்றில், 2010 அக்டோபரில் உச்சநீதிமன்றம் நான்கு அடையாளங்களைக் கூறியது. உலகத்தார்முன் கணவன் மனைவியர் போல ஒழுகுதல், மண வயது எய்தியிருத்தல், வேறொருவர்க்கு வாழ்க்கைப்பட்டிராமை முதலிய மணத்தகுதி உடைமை, தம் விருப்பத்தால் நெடிது சேர்ந்து வாழ்ந்திருத்தல் என்பன அவை. மனைவியுள்ளான் ஒருவனோடு, அதனை அறிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு இச்சட்டத்தின் பயன் இல்லையென 2013-இல் அம்மன்றம் முடிவுரைத்தது.

சொத்துரிமையில் நிலை இன்னும் கடுமையானது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மகளுக்கும் பெரும் உரிமை நல்கிற்று, அது போற்றத்தக்கதே. ஆயின் அச்சட்டத்தின்படி, மணத்திற் பிறவாத மக்கள் தாய்க்கே உறவினராவர். பழஞ்சட்டம் சில குலத்து மக்கட்கு அளித்த தந்தைவழிப் பங்கு மறைந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட ஜீவனாம்சச் சட்டத்தின் பட்டியலில் அவருத்த ஸ்திரீக்கு இடமில்லாது போயிற்று. அச்சட்டத்திற்கு முன்னர் இறந்தவனின் துணைவிக்கு மட்டும் பழைய உரிமை நிற்கும் என 1965-இல் உச்சநீதிமன்றம் கூறியது. மணமின்றி வாழும் பெண், அவன் உயில் எழுதாது இறப்பின், கைம்பெண் என்னும் உரிமையால் அவன் சொத்தில் ஒன்றும் கோர இயலாதவளாகின்றாள். அவளுக்கு எஞ்சிய துணை, முற்கூறிய நெடுநாள் உடனுறைவின் ஊகம் ஒன்றே. கேரள நாட்டு வழக்கொன்றில் 2022 சூனில் உச்சநீதிமன்றம் இவ்வூகத்தைக் கொண்டே, நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவரின் வழிவந்தார்க்குச் சொத்திற் பங்களித்தது. அவ்வழக்கு 1981-இல் தொடங்கியது! உரிமை கிட்டுதற்கு 41 ஆண்டுகள் காத்திருத்தல் எல்லார்க்கும் இயல்வதோ?

இவ்வுடனுறைவைப் பதிவுசெய்ய வேண்டுமென்னும் சட்டமும் ஓரிடத்துத் தோன்றியுளது. உத்தராகண்டு மாநிலம் 2024-இல் இயற்றிய பொதுக் குடிமைச் சட்டம் 2025 சனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்து வாழ்வோர் ஒரு திங்களுக்குள் பதிவுசெய்யாவிடின் அது தண்டம் விதிக்கின்றது. அவர்க்குப் பிறக்கும் மக்களை முறையான மக்களாகவே கொள்கின்றது. அதன் முற்பகுதி மக்களின் தனிவாழ்விற் புகுவதாகும் என்று வருந்துவார் பலர். பிற்பகுதியின் நன்மையை மறுப்பார் அரியர்.

நாம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் தெளிவது ஒன்றே. கரணம் பெண்ணையும் குழவியையும் பொய்யினின்று காத்தற்கு எழுந்த வேலி. அவரைப் புறத்தே தள்ளுதற்கு எழுந்த மதிலன்று. வேலியை வேண்டா என்பார், அஃது எதற்காக இடப்பட்டது என்பதை மறந்தனர். வேலிக்குப் புறத்தே பிறந்த குழவியை இழித்துரைப்பாரும் அதனையே மறந்தனர்.

ஆதலின் நம் இளைஞர்க்குச் சொல்லத்தக்கது இது. அன்பு மெய்யாயின் அதனை எழுத்திற் பதிவு செய்தலில் இழப்பென்ன? பெருஞ்செலவும் ஆரவாரமும் வேண்டா. 7-அ பிரிவின்படி இருவர் உறுதிமொழி போதும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் கழிந்த பின்னர்ப் பதிவாளர் முன்னிலையில் மணத்தலும் ஆகும். தமிழ்நாட்டில் நிகழும் எம்மணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவுசெய்தல் வேண்டும் என 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எக்காரணத்தாலேனும் மணம் கூடாதாயின், உயிலேனும் எழுதி வைத்தல் கடமை.

பெற்றோர்க்குச் சொல்லத்தக்கதும் உண்டு. சேர்ந்து வாழ்வாருட் சிலர் மணத்தை வெறுத்தவரல்லர்; மணத்திற்குப் பெற்றோர் இசையாமையால் அந்நிலையில் நிற்பவர். வேற்றுக் குலம் என்றும், சாதகம் பொருந்தாதென்றும், சீர் குறைவென்றும் கூறி வாயிலை அடைத்துவிட்டு, பின்னர் மக்கள் முறைதவறினர் என வருந்துதல் எவ்வாறு தகும்? பெற்றோர் கொடாதவழியும் கரணத்திற்கு வழிவிட்ட தொல்காப்பியனார் நம்மினும் அகன்ற நெஞ்சினர். குலச்சங்கத்தின் இதழில் இதனை எழுதுதல் சிலர்க்கு வியப்பாகலாம். குலம் வாழ்தல் மக்கள் வாழ்தலாலன்றோ?

இறுதியாக, சங்கத்தின் செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பப் பதிவேட்டில் பெற்றோரின் மணநாளைக் குறிக்கும் கட்டம் நிரப்பப்படாமையால், எந்தக் குழவியின் பெயரும் விடுபடலாகாது. கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பத்தில் மாணாக்கரின் தேவையும் தகுதியும் மட்டுமே நோக்கப்படுதல் வேண்டும். நம் வீட்டு மகளிர் எவரேனும் இந்நிலையிற் கைவிடப்பட்டு வருவாராயின், அவர்க்குச் சட்டத்துணை தேடித் தருதல் சங்கத்தின் கடனாகும். 'வைப்பு' என்றும் 'தொடுப்பு' என்றும் ஊரார் வழங்கும் இழிசொற்களை நம் கூட்டங்களில் ஒலியாது செய்தலும் அக்கடனைச் சார்ந்ததே. கள்ளூர் அவையத்தார் நீற்றைப் பெய்தது பொய்த்தவன் தலையில். நம் அவையும் அவ்வாறே பழியைப் பொய்த்தவன்மேல் வைத்து, பெண்ணையும் குழவியையும் காப்பதாக.